அட்டை கேளாத நோய்

2021-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் தேதி, 18 வயது நிரம்பியோர் யாவருக்கும் கொரோனாத் தடுப்பூசி போடும் பணி நம் நாட்டில் தொடங்கிற்று. ஆனால், 45 வயதுக்குட்பட்டோர் ‘கோவின்’ என்னும் இணையதளத்தில் முன்னதாகப் பெயரைப் பதிந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. கைப்பேசி வைத்திருந்த நம்மில் பலரே இடம் கிடைக்காமல் திண்டாடினோம் அல்லவா?

டில்லியில் அடைக்கலம் புகுந்திருந்த ரோஹிங்கியா, ஆப்கானிய அகதிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். பதிவுக்கென ஏற்கப்பட்ட அடையாளச் சான்றுகள் ஏழு. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் வழங்கிய அட்டை அவற்றுள் ஒன்றன்று. ஆகவே கைப்பேசி உடைய அகதிக்கும் அவ்வாயில் திறக்கவில்லை.

மே 6-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வழி வகுத்தது. சான்றில்லாதோரை மாவட்ட நிர்வாகமே கண்டறிந்து, சான்றுடைய ஒருவரைப் பொறுப்பாளராகக் கொண்டு, ஊசி போடலாம் என்றது. மே 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் இணைய வசதியற்ற எளியோரின் இடரைச் சுட்டிக் காட்டிற்று. ஜூன் 21 முதல், முன்பதிவின்றி எவரும் நேரில் சென்று பதிந்துகொள்ளலாம் என்றாயிற்று.

தொற்றுநோய் எவரிடமும் அட்டை கேட்பதில்லை. ஒரு குடிசையை விட்டுவிட்டால் தெரு முழுவதற்கும் தீங்கு. பிற மாநிலத்தில் புரியாத படிவத்தின்முன் தயங்கி நின்ற அனுபவம் நமக்கும் உண்டு. நம் அண்டையில் அகதிக் குடும்பம் இருப்பின், அவர்களைச் சுகாதார நிலையத்துக்கு உடனழைத்துச் செல்வோமாக.