ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று வந்தால்

நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி பக்கமிருந்து மூட்டுவலியோடு மதுரைக்கு வருகிறவர்கள் பலர் கையில் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் இருக்கும். 'ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ்' என்று அதில் இருந்துவிட்டால், முடக்குவாதம்தான் என்று வீடே கலங்கிப்போகிறது. அந்த ஒரு வரியை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது நம் எதிர்ப்புப் புரதத்தையே பற்றிக்கொள்ளும் இன்னோர் எதிர்ப்புப் புரதம். ஒரு கிருமி மாதக்கணக்கில் உடம்பில் தங்கினால், கிருமித் துணுக்கும் எதிர்ப்புப் புரதமும் ஒட்டிய கூட்டுகள் ரத்தத்தில் சுற்றும். அவற்றை அகற்றும் முயற்சியில் இந்த ஃபேக்டரும் உருவாகும். காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி ஆகியவற்றில், முடக்குவாதம் இல்லாமலே இது பாசிட்டிவ் ஆகலாம். முதுமையிலும் அப்படித்தான்.

முடக்குவாதத்தைக் கண்டறிய இதைவிட நம்பகமானது ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனை. ஆனால் நுரையீரல் காசநோயாளிகளில் சிலருக்கு அதுவும் பாசிட்டிவ் காட்டுவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. காசநோய் இன்னும் ஒழியாத நம் நாட்டில் மருத்துவர்கள் இதை மனதில் வைத்தே ஆக வேண்டும்.

எல்லாத் தொற்றும் ஒரே திசையில் இழுப்பதில்லை. யானைக்கால் நோய் பரவலாக இருந்த ஒடிசாவில், முடக்குவாத நோயாளிகளைப் பரிசோதித்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் ரத்தத்தில் யானைக்கால் புழுவின் தடயம் இல்லை. அதே பகுதியின் ஆரோக்கியமானவர்கள் பலரிடம் இருந்தது. தான் பிழைத்திருக்க நம் எதிர்ப்பு சக்தியைத் தணித்து வைக்கும் புழு அது. அதனால்தான் இந்த வித்தியாசமா என்பது ஆராய வேண்டிய கேள்வி. அதற்காக யாரும் யானைக்கால் தடுப்பு மாத்திரையை மறுத்துவிடாதீர்கள்.

2006இல் தமிழகத்தை உலுக்கிய சிக்குன்குனியாவும் பலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வீக்கம் தந்தது. பார்வைக்கு அது முடக்குவாதம் போலவே இருக்கும்.

நோயைத் தவறாகக் கணித்தால் ஆபத்து சிகிச்சையில் வரும். முடக்குவாதத்துக்குப் போடும், டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் உள்ளே உறங்கும் காசநோயைக் கிளப்பிவிடக்கூடும் என்று 2001லேயே தெரிந்துவிட்டது. ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கேட்பது அதனால்தான்.

காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகி நிற்கின்றனவா? வீக்கம் ஆறு வாரமாகியும் வடியவில்லையா? தள்ளிப்போடாமல் அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ மூட்டு மருத்துவரிடமோ போங்கள். பழைய காசநோய், விடாத இருமல், உணர்ச்சியற்ற தோல் திட்டு, சமீபத்திய காய்ச்சல் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.