அதட்டினால் வரிசை வருமா?



முன்னால பேசின நண்பர் சொன்னார்: "ஆட்டிசம் இருந்தாலும் ரெண்டு அதட்டு அதட்டினா பிள்ளை தானா கிளம்பும்"னு. ஐயா, "ஸ்கூலுக்குக் கிளம்பு"ங்கறது நமக்கு ஒரே ஒரு வேலை. அந்தக் குழந்தைக்கு? பல் தேய்க்கணும், குளிக்கணும், துவட்டணும், சட்டை போடணும், பட்டன் மாட்டணும், சாப்பிடணும், பையை எடுக்கணும். அத்தனையும் ஞாபகத்துல இருக்கணும். ஒன்றை விட்டு அடுத்ததுக்கு மாறணும். நடுவுல ஃபேன் சுத்தறதைப் பார்த்து நின்னுடக் கூடாது! (சிரிப்பு)

திட்டமிடுவது, தொடங்குவது, நினைவில் வைப்பது, மாறுவது. இதைத்தான் டாக்டர்கள் 'எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன்' என்கிறார்கள். ஆட்டிசமுள்ள பல குழந்தைகளுக்கு இங்கேதான் இடறுகிறது. பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை, செருப்பு மாட்டத் தெரியாம நின்னா, அது திமிர் இல்லீங்க! (கைதட்டல்)

1943-லேயே லியோ கானர் என்ற டாக்டர், தான் பார்த்த 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். எதுவும் மாறக்கூடாது என்ற அவர்களின் தவிப்பை அப்போதே குறித்து வைத்தார். நாம இன்னும் அதுக்குப் பிடிவாதம்னுதான் பேர் வச்சிருக்கோம்.

அதட்டினா வரிசை வராது, பயம்தான் வரும். அமெரிக்காவின் வட கரோலினாவில், 1972-ல் மாநிலம் முழுமைக்கும் வந்த 'டீச்' திட்டத்தில், செய்ய வேண்டியதைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார்கள். நம்ம வீட்டுல பழைய காலண்டர் அட்டை போதும். பிரஷ், வாளி, சட்டை, தட்டு, பைன்னு வரிசையா படம் ஒட்டுங்க. முடிச்ச படத்தைப் பிள்ளையே கழற்றி டப்பாவுல போடட்டும். படம் புரியலையா? சோப்பையே கையில கொடுங்க. டிவியைப் படக்குனு அணைக்காதீங்க. மணல் கடிகாரத்தை வச்சு, "மணல் தீர்ந்ததும் சாப்பாடு"ன்னு காட்டுங்க. நாளைக்குக் கல்யாணத்துக்குப் போறோம்னா, அந்தப் படம் இன்னிக்கே அட்டைக்கு வந்துடணும்.

"காலம் பூரா அட்டையா?"ன்னு எதிரணி கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அம்மா பத்து தடவை கத்தினா, பிள்ளை அம்மா குரலுக்குத்தான் காத்திருக்கும். அட்டை பிள்ளையோட சொத்து. எந்தப் படி தானா வருதோ, அந்த இடத்துல உங்க கையை எடுத்துடுங்க. அட்டை இருந்துட்டுப் போகட்டுமே! நண்பர் மளிகைக் கடைக்குச் சீட்டு இல்லாமலா போறார்? (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே. ஒண்ணே ஒண்ணு. கடைசிப் படம் பிள்ளைக்குப் பிடிச்சதா இருக்கட்டும். ஊஞ்சலோ, முறுக்கோ!