கரைக்குச் செல்லும் வழி: புலாய் ஆறும் அதன் சொற்களும்



மொழிநூல் கற்றோர் ஆற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று தங்களுள் சிலர் எண்ணக்கூடும். விடையாக எமது குறையொன்றை முதலில் ஒப்புக்கொள்கிறோம். முனைவர் பட்ட ஆய்வுக்காக நெய்தல் நிலச் சொற்களைத் தொகுத்தோம். கழி, கானல், ஓதம், கண்டல், தில்லை என நூற்றுக்கணக்கான அட்டைகள் எழுதி அடுக்கினோம். ஆயினும் ஜொகூரிலேயே வாழ்ந்த நாம், ஒரு கண்டல் மரத்தை அருகில் நின்று பார்த்ததில்லை. பணி ஓய்வுக்குப் பின்னரே, புலாய் ஆற்றின் கழிமுகத்தில், ஒரு மீனவரின் படகிலிருந்து அதைக் கண்டோம். எங்கள் அட்டையில் சொல் இருந்தது. பொருள் அரைமணிப் பயணத் தொலைவில் இருந்தது. இடையில் வழிதான் இல்லை.

புலாய் மலையில் தோன்றித் தெற்கே ஓடி ஜொகூர் நீரிணையில் கலக்கும் ஆறு இது. இதன் கழிமுகக் காடு 9,126 எக்டேர் பரப்புடையது; 2003 ஜனவரி 31 அன்று ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே நாளில் ஜொகூரின் குக்குப் தீவும் தஞ்சோங் பியாயும் அப்பட்டியலில் சேர்ந்தன. ஆனால் முகத்துவாரத்தின் கிழக்கே தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம். மேற்கே தஞ்சோங் பின் அனல்மின் நிலையம். 2014இல் அருகிலுள்ள கடற்பகுதியில் ‘ஃபாரஸ்ட் சிட்டி’ திட்டத்துக்காக மணல் கொட்டத் தொடங்கினர். நாட்டின் மிகப் பெரிய கடற்புல் படுகைகளுள் ஒன்றான மெராம்போங் அதற்குப் பக்கத்தில் உள்ளது. பணி இடையில் நிறுத்தப்பட்டு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் பின் மீண்டும் தொடர்ந்தது.

இந்த நெருக்கடியில் தஞ்சோங் குப்பாங் முக்கிமைச் சேர்ந்த மீனவக் குடும்பத்து இளைஞர்களின் பணியை நாம் பெரிதும் மதிக்கிறோம். 2008 முதல் ‘கெலாப் ஆலாமி’ என்ற பெயரில் இயங்கும் இவர்கள், நீர் வற்றும் நாள்களில் படுகையில் இறங்கிக் கடற்புல் வகைகளையும் கடற்குதிரைகளையும் பதிவு செய்தனர். மூத்த மீனவர்களின் அறிவைக் கேட்டறிந்தனர். வெளியிலிருந்து வருவோர்க்கு வழிகாட்டினர். ஊரார் நாள்தோறும் பார்த்து அறிந்தவை அறிவியலாரும் அதிகாரிகளும் படிக்கத்தக்க குறிப்புகளாயின. தம் நீரில் இன்ன உயிர் இன்ன இடத்தில் உள்ளது என்று பெயர் சொல்லிக் காட்ட வல்லவரை, ‘அங்கே வெறும் சேறுதானே’ என்று எவரும் எளிதில் வாயடைக்க இயலாது.

பெயரின் ஆற்றலைச் சற்று விரித்துரைக்க இசைவு தருக. இஃது எம் பழைய தொழில். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் வரக் காரணமான மரம் எது என்று கேட்டால் நம் மாணவர்க்குக் கோயில் தெரியும், மரம் தெரியாது. அம்மரம் மலேசியக் கழிமுகங்களிலும் வளர்கிறது. மலாய்க்காரர் அதனை ‘பூத்தா-பூத்தா’ என்பர். ‘பூத்தா’ என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். ஒரே மரம், ஒரு மொழியில் தலப்பெயர், மற்றொரு மொழியில் எச்சரிக்கை. வெண்கண்டல் இனத்து மரத்துக்கு இங்கே ‘அப்பி-அப்பி’ என்று பெயர். ‘அப்பி’ என்பது தீ. இனி, ‘புலாய்’ என்பது நம் ஏழிலைப்பாலை மரத்தின் மலாய்ப் பெயர். பாலை, புலாய் என்று அடுக்கிச் சொன்னதும் தங்கள் முகங்கள் மலர்வதைக் காண்கிறோம். பொறுத்திடுக. ஜாவா, பாலி மொழிகளிலும் இம்மரத்தின் பெயர் ‘பூலே’ என வழங்குவதால், அச்சொல் அக்குடும்பத்துக்கே உரியது எனக் கொள்வதே நேர்மை. ஒலி ஒத்ததால் உறவு என்று முடிப்பது எம் துறையினரை நெடுங்காலமாகப் பிடித்த நோய்.

இக்கழிமுகச் சொற்களை மிகுதியாக உடையவர்கள் செலேத்தார் மக்கள். தலைமுறைகளாகப் படகிலேயே குடியிருந்து, பின்னர் கரையேறியவர்கள். சிம்பாங் ஆராங் போன்ற ஊர்களில் வாழும் அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் மலாய் பேசுகின்றனர். ஓடைக்குச் செல்லும் வழி அடைபடுந்தோறும் அவர்தம் மொழியில் ஒரு பகுதி பேசுவதற்கு இடமின்றிப் போகிறது. மரத்தையே காணாத பிள்ளைக்கு அதன் பெயரை எவ்வாறு கற்பிப்பது?

வழியைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்க வேண்டும் என்பது நீர்ப்பாசன வடிகால் துறையின் வழிகாட்டுதல். எனினும் வழிகாட்டுதல் வேறு, சட்டக் காப்பு வேறு. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி மாநில அரசு அரசிதழில் அறிவித்தால்தான் அந்நிலம் பொதுத் தேவைக்கான ஒதுக்கீடாகும். ஒருமுறை மாணவர் பதினொருவருடன் ஓர் ஆற்றங்கரைக்குச் சென்றோம். புதிதாக எழுந்த வேலிக்கு அப்பால் நீர் தெரிந்தது. ‘உள்ளே விட முடியாது ஐயா’ என்று காவலர் பணிவாகவே சொன்னார். அக்கரை ஒதுக்கீடா, தனியார் நிலமா என்று எம்மால் அவருக்கு எடுத்துக்காட்ட இயலவில்லை. திரும்பினோம்.

மக்களை விட்டால் குப்பை சேரும், படகலைகள் கரையை அரிக்கும் என்பர். உண்மைதான், எண்ணிக்கைக்கும் வேகத்துக்கும் வரம்பு வேண்டும். ஆனால் மக்கள் கால்படாத ஆறு தூய்மையாக இருக்கும் என்பதைக் கிம் கிம் ஆறு பொய்யாக்கியது. 2019 மார்ச்சில் இரவில் எவரோ கொட்டிய வேதிக்கழிவு பள்ளிப்பிள்ளைகளை மூச்சுத் திணறச் செய்தது. பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. நம் தமிழ்ப்பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். அதற்கு முந்திய வாரம் வரை அவ்வாற்றின் பெயரை எத்தனை ஆசிரியர் வகுப்பில் சொல்லியிருப்போம்?

தற்போது நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு பட்டியலை எழுதி வருகிறோம்: தமிழ், மலாய், செலேத்தார், தாவரவியல் பெயர். செலேத்தார் கட்டங்கள் பெரும்பாலும் வெறுமையாக உள்ளன. தமிழ்க் கட்டங்களும் நாம் பெருமைப்படும் அளவுக்கு நிரம்பவில்லை. கடற்புல் மேடு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவற்றத்தில் மட்டுமே தலைகாட்டும். ஆகவே, பள்ளி விடுமுறையில் அத்தகைய நாளொன்றைக் குறித்து, மீனவர் படகொன்றை அமர்த்த எண்ணியுள்ளோம். எட்டுப் பேர்க்கு இடம் உண்டு. வர விரும்பும் ஆசிரியர் தம் மாணவர் ஒருவரையும் உடன் அழைத்து வருக. காலில் பழைய காலணி போதும்.