நம்ம ஊர் பேசும் வானொலி

(சமுதாய வானொலித் தன்னார்வலர்களுக்கும் அரசுத் துறைக் களப்பணியாளர்களுக்கும் நடந்த பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



இந்த அரங்கில் ஒரு பக்கம் தகவலை வெச்சிருக்கிற அரசுப் பணியாளர்கள் இருக்கீங்க. இன்னொரு பக்கம் அந்தத் தகவலை வீட்டுக்குள்ள கொண்டுபோய்ச் சேர்க்கிற வானொலித் தன்னார்வலர்கள் இருக்கீங்க. நடுவுல கேட்கிறவங்க இருக்காங்க. அவங்க இங்க வரலை. அவங்க சார்பாத்தான் நான் பேச வந்திருக்கேன்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. காற்றலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகுதான் கதவு மெல்லத் திறந்தது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். தான் நாட்டின் முதல் சமுதாய வானொலி. நம்ம தமிழ்நாட்டுக்கு அந்தப் பெருமை உண்டு. 2006-இல் தொண்டு நிறுவனங்களும் நிலையம் நடத்தலாம் என்று விதி மாறியது. 2008-இல் இன்றைய தெலங்கானாவில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ ஒலிக்கத் தொடங்கியது. பாம்பனில் மீனவர்களுக்காக 2016-இல் கடல் ஓசை வந்தது. 2015 மழைவெள்ளத்துக்குப் பிறகு கடலூரில் பேரிடர் கால வானொலி என்று தற்காலிகமாக ஒன்று நடந்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

சமுதாய வானொலியின் ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட். சுற்றுவட்டாரத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்கும், அவ்வளவுதான். இதைக் குறைன்னு நினைக்காதீங்க. பதினைந்து கிலோமீட்டருக்குள்ள எந்த வாய்க்கால் உடைஞ்சிருக்கு, எந்த டிரான்ஸ்பார்மர் பழுதுன்னு சொல்ல வேற யாரு இருக்கா?

புதுசா வர்றவங்க கேட்கிற முதல் கேள்வி, "நாம செய்தி வாசிக்கலாமா?" என்பது. அரசியல் செய்தியும் நடப்பு விவகாரமும் நமக்கு அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். ஆனால் உள்ளூர் விளையாட்டு, வானிலை, போக்குவரத்து, திருவிழா, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர், நோய்த் தடுப்பு, புயல் எச்சரிக்கை பற்றிச் சொல்லலாம். குடிநீர், மின்சாரம், பேரிடர் பற்றிய அறிவிப்புகள் உள்ளூர் நிர்வாகம் தருவதாக இருக்க வேண்டும். அதாவது, நீங்க தந்தாத்தான் நாங்க சொல்ல முடியும். யோசிச்சுப் பார்த்தா, ஒரு குடும்பத்துக்கு அன்றாடம் வேண்டிய செய்தியில் பெரும்பகுதி இதுதான்.

இப்ப எங்க தவறு ஒன்றைச் சொல்றேன். சில வருஷத்துக்கு முன்னால ஒரு முதியோர் உதவித்தொகை முகாம். தொலைபேசியில் வந்த தகவலைக் காகிதத்தில் குறிச்சு, அப்படியே வாசிச்சுட்டோம். புதன்கிழமைன்னு சொன்னோம். முகாம் நடந்தது வியாழக்கிழமை. புதன் மத்தியானம் ஒரு பாட்டி எங்க நிலையத்து வாசலுக்கு வந்தாங்க. ரெண்டு பஸ் மாறி, பூட்டியிருந்த மண்டபத்தைப் பார்த்துட்டு, அங்கிருந்து விசாரிச்சு நடந்தே வந்திருக்காங்க. திட்டலை. "ரேடியோல சொன்னீங்களேப்பா, அதை நம்பித்தான் வந்தேன்" என்றார்கள். எங்களுக்குப் பதில் பேச வாய் வரலை.

தகவல் தந்தவர் தவறா, எழுதினவர் தவறா என்று அப்புறம் எங்களுக்குள்ள தேடிக்கிட்டு இருந்தோம். அந்தப் பாட்டிக்கு அதனால என்ன? குரல் எங்களுடையது. பொறுப்பும் எங்களுடையதுதான். அன்றிலிருந்து சில பழக்கங்களை வெச்சிருக்கோம்:

- தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதணும். இரண்டும் பொருந்துதான்னு காலண்டரைப் பார்க்கணும்.
- தகவல் தந்த அலுவலகத்துக்கே திரும்பப் போன் போட்டு, எழுதினதை வாசிச்சுக் காட்டணும்.
- இடம், நேரம், கொண்டுவர வேண்டிய ஆவணம், கட்டணம் உண்டா இல்லையா, இந்த நான்கும் இல்லாத அறிவிப்பு மைக் முன்னால போகக் கூடாது.
- தவறு நடந்தா, தவறாச் சொன்ன அதே நேரங்களில் திருத்தமும் வரணும்.

அலுவலர்களுக்கு இரண்டு வேண்டுகோள். முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் தகவல் தராதீங்க. மூன்று நாள் முன்னால தந்தா, காலை, மதியம், இரவு என்று திரும்பத் திரும்பச் சொல்ல முடியும். இரண்டாவது, "உரிய ஆவணங்களுடன் கலந்துகொண்டு பயன்பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று வந்தால், கேட்கிறவங்களுக்கு எது உரிய ஆவணம்னு தெரியாது. "ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் மூணுக்கும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்று சொன்னால் போதும், அலைச்சல் மிச்சம்.

தகவல் ஒரு பக்கமாகவே போனா நாம வானொலி இல்லை, ஒலிபெருக்கி. நேயர்கள் அனுப்புகிற கேள்விகளை வாரம் ஒருமுறை தொகுத்துத் துறைக்குக் கொடுக்கிறோம். பதில் வந்தா ஒலிபரப்புறோம். வரலைன்னா, "இன்னும் வரவில்லை" என்று அமைதியாச் சொல்றோம். அதுல யாரையும் குற்றம் சொல்றது இல்லை. கேட்டவருக்கு, தன் கேள்வி தொலைஞ்சு போகலைன்னு தெரியணும். கூடவே முதல்வரின் முகவரித் துறைக்கான 1100, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கான 1077 எண்களையும் நிதானமா இரண்டு முறை வாசிக்கிறோம்.

கலைக்கு வருவோம். சினிமாப் பாட்டு போட்டு நேரத்தை ஓட்டுறது சுலபம். ஆனா நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில், உள்ளூர் மக்களின் பங்கேற்போட உருவாகணும் என்பது விதி. விதிக்காக மட்டும் சொல்லலை. நடவு இயந்திரம் வந்த வயலில் நடவுப் பாட்டு கேட்கிறது இல்லை. அதைப் பாடினவங்க மட்டும் நம்ம தெருவில் இருக்காங்க. பதிவு செய்யும்போது பாடுகிறவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பதையும் சேர்த்துப் பதியுங்க. ஒரு நகலை அவங்க வீட்டுக்கே கொடுங்க. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்காங்களான்னு கேளுங்க. பாட்டை வாங்கிட்டு வர்றதோட நம்ம வேலை முடியக் கூடாது.

சமூகப் பிரச்சினைகளைப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. குழந்தைத் திருமணம், குடும்ப வன்முறை பற்றிப் பேச வருகிறவரின் பெயரை மறைச்சா போதும்னு நினைப்போம். பெரிய ஊர் வானொலிக்கு அது போதும். நமக்குப் போதாது. இந்தச் சின்ன வட்டத்துக்குள்ள குரலை வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சுடுவாங்க. அதனால் அவர் சொன்னதை வேறொருவர் குரலில், ஊர் அடையாளம் இல்லாமல் கொடுங்க. சிறார் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181 என்பதை மறக்காமல் சொல்லுங்க.

கடைசியா ஒன்று. அந்தப் பாட்டி மறுநாள் முகாமுக்குப் போனாங்க. எங்க தன்னார்வலர் ஒருத்தர் கூடவே போய் மனு கொடுக்க உதவினார். இன்னும் அவங்க நம்ம நேயர்தான். ஆனா எல்லாரும் திரும்பி வர மாட்டாங்க. ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த முறை வானொலியை நிறுத்திடுவார். அப்புறம் புயல் எச்சரிக்கையை நாம எவ்வளவு சரியாச் சொன்னாலும் அவர் காதில் விழாது. அந்த நம்பிக்கையைக் காப்பாத்துற பொறுப்பு இந்த அரங்கின் இரண்டு பக்கத்துக்கும் உண்டு.