கடலோரச் சாலையில் மிதிவண்டித் தடம்



பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் கடல் இல்லை. கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் கடற்கரை நெடுஞ்சாலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம்.

பூவாறு முதல் குஞ்சத்தூர் வரை ஒன்பது மாவட்டங்களின் வழியே 623 கிலோமீட்டர் நீளம். 14 மீட்டர் அகலம். அதில் இரண்டரை மீட்டர் மிதிவண்டிக்கு. கேரள அரசின் இத்திட்டம் சுற்றுலாவைப் பெரிதும் எதிர்நோக்குகிறது. மிதிவண்டித் தடம் வேண்டாம் என்பதல்ல வாதம். மீன் கூடையைக் கட்டிக்கொண்டு விற்கப் போகும் தொழிலாளி லாரிக்கு அஞ்சாமல் செல்வதற்கும் அது உதவும். ஆனால் அத்தடம் எவருடைய முற்றத்தில் அமைகிறது? வீட்டுக்கும் அலைக்கும் இடைப்பட்ட மணல்தான் வள்ளத்தைக் கரையேற்றவும் வலையை உலர்த்தவும் மீனவர்க்குள்ள தொழிற்களம். அங்கே பலரிடம் பட்டயம் இல்லை. ஆவணமற்றோர்க்கும் 600 சதுர அடிக் குடியிருப்பு அல்லது 13 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது வரவேற்கத்தக்கதே. எனினும், அடுக்குமாடியில் வலையை எங்கே விரிப்பது?

தேயிலைத் தோட்ட லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தும், ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டிய தமிழ்த் தொழிலாளர்க்கு இந்தக் கேள்வியை எவரும் விளக்க வேண்டியதில்லை. லயத்தைச் சுற்றியும் சுற்றுலா விடுதிகள் எழுந்துகொண்டுதானே இருக்கின்றன!

ஆகவே மலையிலிருந்தும் கோரிக்கை எழ வேண்டும்: வள்ளம் தள்ளும் வழிகள் அடைபடலாகாது; மாற்று வீடு கடலுக்கு அருகிலேயே அமைய வேண்டும்; சாவி கைக்கு வந்த பிறகே பழைய சுவரில் கடப்பாரை விழ வேண்டும்.