தேனிக்கு ஒரு நாள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



தேக்கடி, மூணாறு என்று கிளம்புகிற நாம் தேனியில் டீ குடிப்பதோடு சரி. வங்கி வேலையில் ஏழு வருடம் அங்கே குடியிருந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: தேனிக்கென்றே ஒரு நாள் ஒதுக்குங்கள்.

மதுரையில் காலை ரயிலைப் பிடியுங்கள். ஆண்டிபட்டிக் கணவாய் வரும்போது பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். தேனியில் இறங்கியதும் நேரு சிலைக்குப் போங்கள். மதுரை, பெரியகுளம், கம்பம் சாலைகள் கூடும் அந்த இடம்தான் ஊரின் மையம். கடைவீதியை நடந்தே பார்க்கலாம். ஏலக்காய் ஏலம் நடப்பது பக்கத்துப் போடியில். சீசனில் எங்கள் கவுண்டரில் நீட்டும் ரூபாய் நோட்டிலும் ஏலக்காய் மணக்கும்!

பிறகு கம்பம் பஸ் ஏறுங்கள். வழியில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில், பக்கத்திலேயே முல்லையாறு. சித்திரைத் திருவிழா சமயம் என்றால் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டினால் நெல்வயலும் திராட்சைப் பந்தலும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளி அருவியில் குளிக்க அனுமதி உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக லோயர்கேம்ப். 1895இல் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்குக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. பள்ளத்தாக்கில் அவர் படம் மாட்டாத கடை குறைவு. காரணம் தண்ணீர். மலையைக் குடைந்து வரும் அந்தத் தண்ணீர் வைகை அணைக்கும் சேர்கிறது. நம் மதுரைக் குழாயில் வருவதிலும் அதன் பங்கு உண்டு.

ஒரு சொந்த விஷயம். என் அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. மீட்டர் கேஜ் ரயிலில்தான் எங்களைப் பார்க்கத் தேனிக்கு வருவார். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் அந்த ரயில் நின்றது. அம்மா வருவதும் நின்றது. திரும்ப ரயில் ஓடியது 2022 மே 27இல். முதல் வாரமே ஏறினேன். அம்மா அப்போது இல்லை.

இப்போது போடி வரைக்கும் ரயில் போகிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அடுத்த லீவுக்கு என்று தள்ளிப்போடாமல் கூட்டிப்போங்கள்.