கடை தூரத்துல இருக்கிறவங்க பேட்டரி வாங்குறது எப்படி?

(ஜமுனாமரத்தூரில் பதிவான பேச்சின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சுவழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

சோலார் பேனல் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "பேனல் சரிங்க, பேட்டரி எதை வாங்குறது?" நியாயமான கேள்வி. பேனல் ஒரு தடவை மாட்டினா 20, 25 வருஷம் கூரையில கிடக்கும். அப்பப்போ காசைத் தின்னுறது பேட்டரிதான். அதனால இன்னிக்கு முழுக்க பேட்டரி.

நான் இந்த வேலையை மலையில கத்துக்கல. கடலூர் துறைமுகத்துல படகுக்கு பேட்டரி மாட்டுற கடையில கத்துக்கிட்டேன். அப்புறம்தான் போளூர் வந்து, அங்கிருந்து மலை ஏறினேன். கடலுக்கும் ஜவ்வாது மலைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. ஒரே ஒரு சம்பந்தம்தான். ரெண்டு இடத்துலயும் பேட்டரி செத்துப்போச்சுன்னா கடை பக்கத்துல இல்ல. டவுன்ல இருக்கிறவர் தப்பான பேட்டரி வாங்கினா அவருக்கு நஷ்டம் காசு மட்டும்தான். சாயங்காலம் ஸ்கூட்டர்ல வெச்சு எடுத்துட்டுப் போய் மாத்திடுவார். கரையிலிருந்து ரொம்ப தூரம் போனவருக்கும், ரோட்டுலேர்ந்து ரெண்டு மணி நேரம் நடந்து போற கொல்லிக்காரருக்கும் கதை வேற.

படகுல முதல்ல சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: இன்ஜின் ஸ்டார்ட் பண்ற பேட்டரி தனி, லைட்டுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் இருக்கிற பேட்டரி தனி. ரெண்டையும் கலக்கக் கூடாது. ராத்திரி முழுக்க லைட் எரிஞ்சு பேட்டரி இறங்கினாலும் விடியக்காலையில இன்ஜின் எழும்பணும் இல்ல? அதுக்காகத்தான் தனித்தனி. ஆனா அதுல இன்னொரு காரணமும் ஒளிஞ்சிருக்கு. அந்த ரெண்டு பேட்டரியும் வெளியில பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கும், உள்ள ஒண்ணு கிடையாது.

வண்டி ஸ்டார்ட் பண்ற பேட்டரிக்குள்ள ஈயத் தகடு மெல்லிசா, நிறைய இருக்கும். சில செகண்டுக்கு மட்டும் நூத்துக்கணக்கான ஆம்பியர் கொடுக்கணும், அதுதான் அதோட வேலை. உடனே ஆல்டர்னேட்டர் அதைத் திரும்ப நிரப்பிடும். அதைப் போய் தினமும் ராத்திரி பாதிக்கு மேல காலி பண்ணினா, மெல்லிசான தகட்டுல இருக்கிற மருந்து உதிர்ந்து அடியில படியும். டியூபுலர்னு சொல்றோமே, அதுல பாசிட்டிவ் தகடு வரிசையா குழாய் மாதிரி இருக்கும். மருந்து அந்தக் குழாய் உறைக்குள்ள இருக்கிறதால சீக்கிரம் உதிராது. மெதுவா கொடுக்கும், ஆழமா கொடுக்கும், மறுநாள் திரும்ப வாங்கிக்கும். மலை வீட்டு சோலாருக்கு அதுதான் பேட்டரி.

இதைத் தெரிஞ்சும் நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். மலைக்கு வந்த புதுசு. ஒரு வீட்டுல பேனல் மாட்டினோம். டியூபுலர் வாங்கக் காசு பத்தல. அந்த அண்ணன் கையில நல்ல நிலைமையில ஒரு லாரி பேட்டரி இருந்தது. "இப்போதைக்கு இதைப் போடுங்க, அடுத்த சாமை அறுவடைக்கு மாத்திக்கலாம்"னு நானே சொன்னேன். ஏழு மாசம் ஓடுச்சு. கார்த்திகை மாசம், நாலு நாள் மூட்டம். பேட்டரி படுத்துடுச்சு. அந்த வாரத்துல ஒரு ராத்திரி அவர் மருமகளுக்கு வலி எடுத்திருக்கு. வீட்டுல இருந்த ரெண்டு போன்லயும் சார்ஜ் இல்ல. 108-க்குப் போன் போட, பக்கத்து ஊருக்கு இருட்டுல ஒரு பையன் ஓடியிருக்கான். டோலி கட்டி ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்தப்போ விடிஞ்சிடுச்சு. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க, அந்தப் புள்ள இப்போ ஸ்கூலுக்குப் போகுது. அந்த அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேணும்? 9 வாட் எல்இடி மூணு, ராத்திரி 5 மணி நேரம்: 135. 30 வாட்ல ஓடுற 12 வோல்ட் ஃபேன் ஒண்ணு, 8 மணி நேரம்: 240. ரெண்டு போன், ஒரு 25 வெச்சுக்குங்க. மொத்தம் 400 வாட் அவர். இது ஒரு நாளைக்கு. ஐப்பசி, கார்த்திகையில வெயிலே இல்லாத ரெண்டு நாளைத் தாங்கணும், அப்போ 800. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு குறையும், அதனால ரெண்டால பெருக்குங்க. 1600. அதை 12-ஆல வகுத்தா 133 ஏஎச். கடையில கிடைக்கிறது 150. அதை வாங்குங்க.

இங்கதான் ஒரு வம்பு. கடையில ரெண்டு பேட்டரி பக்கத்துல பக்கத்துல நிக்கும். ரெண்டுலயும் 150 ஏஎச்னு போட்டிருக்கும். ஒண்ணு விலை குறைவா இருக்கும். ஸ்டிக்கரை நல்லாப் பாருங்க. ஒண்ணுல சி20, இன்னொண்ணுல சி10 இருக்கும். சி20-ன்னா 20 மணி நேரத்துல மெதுவா இறக்கினா 150 கிடைக்கும். சி10-ன்னா 10 மணி நேரத்துல இறக்கினாலே 150 கிடைக்கும். வேகமா இறக்கினா லெட் ஆசிட் பேட்டரி குறைவாத்தான் கொடுக்கும், அது அதோட குணம். அதனால சி20-ல 150 இருக்கிறதை 10 மணி நேரத்துல இறக்கினா சுமார் 120, 130 தான் வரும். வீட்டு இன்வெர்ட்டருக்கு விக்கிறது பெரும்பாலும் சி20, சோலாருக்குன்னு செய்யுறது சி10. ரெண்டும் மோசமில்ல. ஆனா சி20 விலையை சி10 விலையோட ஒப்பிட்டு "இவன் சீப்பா கொடுக்கிறான்"னு நினைக்காதீங்க. சரக்கே வேற.

அடுத்தது தேதி. பேட்டரி அலமாரியில சும்மா நின்னாலும் சார்ஜ் இறங்கிக்கிட்டே இருக்கும். இறங்கின நிலையிலேயே மாசக்கணக்கா நின்னா தகட்டுல வெள்ளையா சல்பேட் இறுகிடும். அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. அதனால மேல குத்தியிருக்கிற தயாரிப்புக் குறியைக் கடைக்காரரையே படிச்சுக் காட்டச் சொல்லுங்க. அது எழுத்தும் நம்பருமா இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நமக்குப் புரியாது. வெட்கப்படாமக் கேளுங்க. மூணு மாசத்துக்குள்ள இருந்தா நல்லது. ஆறு மாசம் தாண்டினா எனக்கு வேண்டாம்.

கையோட ஒரு மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க. சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது. சார்ஜர்ல போடாம நிக்கிற புது பேட்டரி 12.5 வோல்ட்டுக்கு மேல காட்டணும். 12.3 காட்டினா "ராத்திரி சார்ஜ் போட்டு வைங்க, நாளைக்கு வர்றேன்"னு சொல்லுங்க, இல்ல வேற கேளுங்க. ஒண்ணு புரிஞ்சுக்கணும், 12 வோல்ட் பேட்டரின்னு பேர் இருக்கே தவிர, மீட்டர்ல 12.0 காட்டினா முக்கால்வாசி காலின்னு அர்த்தம். நிறைய பேர் 12 பார்த்ததும் "ஃபுல்லா இருக்கு"ன்னு சந்தோஷப்படுறாங்க.

அப்புறம் எடை. இது யாரும் சொல்ல மாட்டாங்க. பேட்டரின்னா ஈயம், ஈயம்னா எடை. 150 ஏஎச் டியூபுலர் ஆசிட்டோட 50, 60 கிலோ வரும். அதே அளவு டப்பா, அதே 150 ஸ்டிக்கர், ஆனா பத்துப் பன்னிரண்டு கிலோ குறையுதுன்னா உள்ள ஈயம் குறைவுன்னு அர்த்தம். பழைய டப்பாவைக் கழுவிப் புது ஸ்டிக்கர் ஒட்டின சரக்கும் ஊருக்குள்ள சுத்துது. கம்பெனி அச்சடிச்ச தாள்ல எடை போட்டிருக்கும். கடையில தராசு இருந்தா வெச்சுப் பாருங்க.

வாரன்டி அட்டையில 36+24 மாதிரி போட்டிருப்பாங்க. 60 மாசம்னு சொல்லி விப்பாங்க. முதல் 36 மாசத்துக்குத்தான் புதுசு மாத்திக் கொடுப்பாங்க, மீதி 24 மாசத்துக்குக் கொஞ்சம் கழிவுதான். எதுக்கு உபயோகிக்கிறோம்கிறதும் அட்டையில இருக்கும். வண்டி பேட்டரியை சோலார்ல மாட்டிட்டு வாரன்டி கேட்டா கிடைக்காது. இன்னொரு கேள்வி நம்ம ஆளுங்க கேட்கவே மாட்டேங்கிறாங்க: கோளாறுன்னா யார் வந்து பார்ப்பாங்க? 60 கிலோவை ரெண்டு ஆள் மூங்கில்ல கட்டி ரோட்டுக்குத் தூக்கி, பஸ்ல ஏத்தி, டவுனுக்குக் கொண்டு போனா, அங்க "நாலு நாள் டெஸ்ட்ல வைக்கணும்"னு சொல்வாங்க. இந்தக் கூலியைச் சேர்த்துப் பார்த்தா மலிவா வாங்கினது மலிவே இல்ல.

இப்போ லித்தியம். எல்லாரும் கேட்கிறீங்க. இதுக்கும் ஒரு படகைத்தான் உதாரணம் சொல்லப் போறேன், பொறுத்துக்கங்க. நம்ம கோலப்பன் ஏரியில ஓடுறது மிதிபடகும் துடுப்புப் படகும், அங்க பேட்டரிக்கு வேலையில்ல. கேரளாவுல வைக்கம் தெரியும்ல, பெரியார் போராட்டம் நடத்தின வைக்கம். அங்கிருந்து வேம்பநாட்டுக் காயலைத் தாண்டி தவணக்கடவுக்கு 'ஆதித்யா'ன்னு ஒரு படகு 2017 ஜனவரியில விட்டாங்க. கேரள அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையோட படகு. 75 பேர் போகலாம். கூரையில 20 கிலோவாட் பேனல், உள்ள 50 கிலோவாட் அவர் லித்தியம் பேட்டரி. டீசலே கிடையாது. அதே 50-ஐ நம்ம டியூபுலர்ல செய்யணும்னா கணக்குப் போடுங்க. ஒரு 150 ஏஎச் பேட்டரி 1.8 கிலோவாட் அவர். 28 பேட்டரி வேணும், ஒன்றரை டன். அதுலயும் பாதிதான் உபயோகிக்கலாம்னா 56 பேட்டரி, மூணு டன். பாதிப் பேரை இறக்கிவிட்டுட்டு பேட்டரியைத்தான் ஏத்திட்டுப் போகணும்.

அதே நியாயம் மலை ஏறுற முதுகுக்கும் பொருந்தும். லித்தியம்ல எல்எஃப்பின்னு ஒரு வகை, லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 12.8 வோல்ட், 100 ஏஎச் ஒண்ணு 12 கிலோ பக்கம்தான் வரும். ஒரு ஆள் தலையில வெச்சு நடந்துடலாம். 80 சதவீதம் வரைக்கும் இறக்கலாம்கிறதால நாம போட்ட கணக்குக்கு இந்த 100 போதும். தண்ணி ஊத்த வேண்டாம். 2000 தடவைக்கு மேல இறக்கி ஏத்தலாம். முதல்ல கொடுக்கிற காசு கூடத்தான். நடைபாதை மட்டுமே இருக்கிற ஊர்னா என் கருத்து இதுதான்: கடன் வாங்கியாவது எல்எஃப்பி வாங்குங்க. ரோட்டு மேல வீடுன்னா டியூபுலரே போதும், வீண் செலவு வேண்டாம்.

ஆனா லித்தியம்ல ஒரு ஆபத்து, உள்ள என்ன இருக்குன்னு வெளியில தெரியாது. கழிச்சுக் கட்டின பழைய செல்லைச் சேர்த்து டப்பாவுல போட்டு விக்கிறவங்களும் இருக்காங்க. எடை பார்க்கிற வித்தை இங்க அவ்வளவா எடுபடாது. பில், பேர் தெரிஞ்ச கம்பெனி, உள்ள பிஎம்எஸ் இருக்குன்னு எழுத்துல உறுதி, இந்த மூணும் இல்லாம வாங்காதீங்க. பழைய சார்ஜ் கன்ட்ரோலரையே மாட்டலாமான்னும் பாருங்க. லெட் ஆசிட்டுக்குச் செஞ்ச கன்ட்ரோலர் சில நேரம் 15 வோல்ட்டுக்குப் போகும். எல்எஃப்பிக்கு 14.6-க்கு மேல போகக் கூடாது. பிஎம்எஸ் பட்டுனு கட் பண்ணிடும். அப்புறம் "பேட்டரி செத்துடுச்சு"ன்னு எனக்குப் போன் வரும்.

டியூபுலர் வாங்கினவங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஓடைத் தண்ணி எவ்வளவு தெளிவா இருந்தாலும் ஊத்தாதீங்க, அதுல உப்பு இருக்கு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆசிட் ஊத்தவே ஊத்தாதீங்க, குறையுறது தண்ணிதான், ஆசிட் இல்ல. அடுப்பு இருக்கிற அறையில வைக்காதீங்க, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். படகுல பேட்டரிப் பெட்டியை உயரத்துல கட்டுவோம், ஏன்னா கடல்தண்ணி உள்ள போய் ஆசிட்டோட சேர்ந்தா குளோரின் வாயு வரும். இங்க கடல் இல்ல, புள்ளைங்க இருக்காங்க. அதனால இங்கயும் உயரத்துல, பெட்டிக்குள்ள.

பழைய பேட்டரியைக் கொல்லியில உடைச்சு ஆசிட்டைக் கொட்டுறதைப் பார்த்திருக்கேன். ஈயம் மண்ணுல இறங்கினா போகாது, கிணத்துக்கும் வரும். 2022-ல வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி, பழசைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புறது தயாரிப்பாளர் பொறுப்பு. கடையில பழசைக் கொடுத்தா விலையில கழிச்சுக்குவாங்க. எவ்வளவு கழிப்பீங்கன்னு புதுசுக்குக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, அப்புறம் கேட்டா பாதிதான் சொல்வாங்க.

மேல்பட்டுப் பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, பழைய டியூபுலரோட புதுசு ஒண்ணைச் சேர்த்து மாட்டலாமான்னு. வேண்டாம்க்கா. பழசு புதுசையும் கீழ இழுத்துடும். பழசைத் தனியா ஒரு லைட்டுக்கு வெச்சுக்குங்க. சார்ஜ் கன்ட்ரோலர் எப்படிப் பார்த்து வாங்குறதுன்னு அடுத்த எபிசோட்ல பேசலாம்.